கடலூர்ப் பக்கம் கொட்டும் கொடி: அது நெட்டில் இல்லை, காஞ்சொறி

கேள்வி இதுதான்: “கேப்பர் மலைப் பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். பின்னால் புதர் மண்டிய காலி மனை. பந்து எடுக்கப் போன பையனுக்கு முழங்காலுக்குக் கீழே தடிதடியாக வீங்கி, ஒரே அழுகை. லண்டனில் இருக்கும் என் மைத்துனர் படத்தைப் பார்த்துவிட்டு, ‘இது ஸ்டிங்கிங் நெட்டில், கொதிநீரில் போட்டால் கீரையாகவே சாப்பிடலாம்’ என்கிறார். உண்மையா? எப்படி அடையாளம் காண்பது, எப்படி ஒழிப்பது?”

முதலில் கீரைப் பேச்சை முடித்துவிடுகிறேன். சமைக்காதீர்கள்.

உங்கள் மைத்துனர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே வேலியோரத்திலும் ஓடைக்கரையிலும் தோட்டத்து மூலையிலும் வளர்வது ஊர்ட்டிகா என்ற இனம். கொதிநீரில் முக்கினால் அதன் சுணை, அதாவது கொட்டும் மயிர், அடங்கிவிடும். சூப் வைக்கிறார்கள், டீயும் போடுகிறார்கள். நம் நாட்டிலேயே உத்தராகண்டில் கார்வால் மக்கள் அந்த இனத்துச் செடியை ‘கண்டாலி’ என்று கீரை கடைவதுபோல் கடைந்து சாப்பிடுகிறார்கள். நேபாளத்தில் ‘சிஸ்னு’. ஆனால் அது குளிர்ப் பகுதிச் செடி. கடலூர் வெயிலிலும் செம்மண்ணிலும் அது வளர்ந்து நான் பார்த்ததில்லை, இத்தனைக்கும் புதருக்குள் நுழைவதுதான் பல வருடங்களாக என் வேலை.

உங்கள் பையனைக் கொட்டியது காஞ்சொறி. சித்த மருந்துக் கடையில் சிறுகாஞ்சொறி என்பார்கள், தெற்கத்திக்காரர்கள் செந்தட்டி என்பார்கள், எங்கள் ஆயா ‘காஞ்சோறி’ என்று இழுத்துத்தான் சொல்லும். தாவரவியலில் டிராஜியா இன்வலுக்ராட்டா. இது நெட்டில் குடும்பமே இல்லை, ஆமணக்குக் குடும்பம். இரண்டுக்கும் கொட்டுவது ஒன்றுதான் ஒற்றுமை. ஆமணக்குக் குடும்பத்தில் ஆமணக்கு விதை உண்டு, கள்ளி உண்டு, காட்டாமணக்கு உண்டு. வாயில் வைக்கக் கூடாத சரக்கு ஏராளம். ஒரு குடும்பத்துச் செடியின் சமையல் குறிப்பை இன்னொரு குடும்பத்துச் செடிக்குப் போட்டுப் பார்ப்பது ஆபத்து.

“ஆனால் இது மருந்தாச்சே” என்று யாராவது சொல்வார்கள். ஆமாம், மருந்துதான். 2020-இல் கொரோனா சமயத்தில் தெருத்தெருவாகக் கொடுத்த கபசுரக் குடிநீரை நீங்களும் குடித்திருப்பீர்கள். அதில் சேரும் 15 சரக்கில் சிறுகாஞ்சொறி வேரும் ஒன்று. உங்கள் பையனை அழவைத்த செடியின் வேர் அப்போது நம் எல்லார் வயிற்றுக்குள்ளும் போயிருக்கிறது. கேரளத்திலும் இதை ‘கொடித்தூவ’ என்று ஆயுர்வேத மருந்துக்கு எடுக்கிறார்கள். ஆனால் அது வேர், காயவைத்தது, தெரிந்தவர்கள் அளந்து சேர்ப்பது. கொல்லையில் பறித்த இலையைப் பொரியல் பண்ண அது அனுமதிச் சீட்டு ஆகாது. இன்னொன்று: காஞ்சொறி வேறு, காஞ்சிரை வேறு. காஞ்சிரை என்பது எட்டி மரம், கொடிய நஞ்சு. ஓரெழுத்து வாய் தவறினால் வேறு சரக்கு கைக்கு வரும். பேரைக் கேட்டு எதையும் வாங்காதீர்கள்.

சரி, அடையாளத்துக்கு வருவோம். நெட்டில் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால் காஞ்சொறி உங்கள் கண்ணில் படவே படாது. நெட்டில் தன் காலில் நிமிர்ந்து நிற்கும், ஒரு கணுவில் இரண்டு இலை எதிரும் புதிருமாக இருக்கும். காஞ்சொறி மெல்லிய கொடி. நூல் மாதிரித் தண்டு. பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதைச் சுற்றிக்கொண்டு ஏறும், கிடைக்காவிட்டால் புல்லோடு புல்லாகப் படுத்துக் கிடக்கும். இலைகள் கணுவுக்கு ஒன்றாக, மாறி மாறி வரும். விரல் நீளம், ஓரமெல்லாம் வாள் பல், நுனி கூர்மை. பச்சையில் எந்த விசேஷமும் இல்லை, அதுதான் வம்பு. காராமணிக் கொடியோ கோவைக் கொடியோ என்று நினைத்துக் கை வைத்துவிடுவோம்.

சந்தேகமில்லாமல் காட்டிக்கொடுப்பது காய்தான். மிளகைவிடச் சற்றுப் பெரியது. மூன்று பாகமாகப் பிளந்த சிறு ஆமணக்குக் காய் போலவே இருக்கும். அதைச் சுற்றிப் பச்சையாக, சீப்புப் பல் மாதிரிக் கிழிந்த இதழ்கள் நட்சத்திரம் போல விரிந்து நிற்கும். காயிலும் அந்த இதழிலும் சுணை இன்னும் அடர்த்தி. காலை வெயில் சாய்வாக விழும்போது குனிந்து பார்த்தால் தண்டெல்லாம் வெள்ளி மயிர் மின்னும். பார்த்தால் போதும், தடவிப் பார்க்க வேண்டாம். இதன் பங்காளி ஒன்று உண்டு, டிராஜியா ப்ளூக்கனெட்டி. அதற்கு இலை மூன்று விரல் மாதிரி ஆழமாகப் பிளந்திருக்கும். கொட்டுவதில் தம்பி அண்ணனுக்குச் சளைத்தவன் இல்லை.

பாவம், இதோடு சேர்த்து அடிவாங்குவது குப்பைமேனி. அதுவும் ஆமணக்குக் குடும்பம், இலை ஓரத்தில் பல் இருக்கும், காயும் மூன்று பிரிவு. ஆனால் குப்பைமேனி நிமிர்ந்து நிற்கும் செடி, கொடியில்லை, தொட்டால் ஒன்றும் செய்யாது. நம் வீட்டுக் கிழவிகள் சொறிசிரங்குக்கு அரைத்துப் பூசுவதே அதைத்தான். ஒரு செடி சொறியைத் தீர்க்கிறது, அதன் பங்காளி சொறியைக் கொடுக்கிறது.

எப்படிக் கொட்டுகிறது என்று தெரிந்துகொண்டால் என்ன செய்யக் கூடாது என்பதும் தானே விளங்கும். ஐரோப்பிய நெட்டிலின் சுணை கண்ணாடி ஊசி மாதிரி. நுனியில் சிலிக்கா, அடியில் ஒரு சிறு பை. பட்டவுடன் நுனி முறிந்து, உள்ளே இருக்கும் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் போன்றவை தோலுக்குள் இறங்கும். எறும்புக்கடி அமிலம்தான் காரணம் என்று பழைய பாடப்புத்தகங்களில் படித்திருப்போம். அது கதையின் சின்னப் பகுதிதான். டிராஜியா இனத்தின் சுணை வேறு வேலைப்பாடு. நடு உயிரணுவுக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகம் ஒன்று ஊசியாக நிற்கிறது. தோல் அழுத்தியதும் அந்த ஊசி நுனியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து குத்துகிறது, அதன் பக்கவாட்டுப் பள்ளம் வழியாக உயிரணுவின் சாறு உள்ளே போகிறது. கால்சியம் ஆக்சலேட் உங்களுக்குப் புதிதில்லை. காராக்கருணை நறுக்கும்போது கை அரிப்பதும், சரியாக வேகாத சேப்பங்கிழங்கு நாக்கைப் பிடுங்குவதும் இதே உப்பின் ஊசிகளால்தான். கிழங்கில் ஊசி உள்ளே பதுங்கியிருக்கிறது, கொடியில் வெளியே காவலுக்கு நிற்கிறது.

ஆக, கொட்டிய இடத்தைத் தேய்த்தால் ஊசியை நீங்களே இன்னும் ஆழமாக அழுத்துகிறீர்கள். ஆனால் கொட்டு வாங்கியவன் கை முதலில் செய்வது தேய்ப்பதுதான், குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் நல்ல பசையுள்ள டேப்பை ஒட்டி ஒட்டி உரியுங்கள். செல்லோடேப் போதும், மருந்துக் கடை பிளாஸ்திரி இன்னும் நல்லது. நாலைந்து தரம் புதுத்துண்டு வைத்து எடுத்தால் சுணை பெரும்பாலும் வந்துவிடும். அப்புறம் சோப்புப் போட்டுத் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள், துண்டால் துடைக்காமல் ஒற்றியெடுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி வைத்தால் எரிச்சல் தணியும். காலமைன் லோஷன் தடவலாம். தடிப்பு அதிகம் என்றால் செட்டிரிசின், ஆனால் குழந்தைக்கு எவ்வளவு என்று டாக்டரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுக் கொடுங்கள். பெரியவர்கள் போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டாம், தூக்கம் வரும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். உடுத்தியிருந்த துணியைத் தனியாக அலசுங்கள், இல்லாவிட்டால் அதே டிரௌசர் நாளைக்கு மறுபடி கொட்டும்.

சாணி, சாம்பல், விபூதி, சுண்ணாம்பு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். உலர்ந்த விபூதியைத் தூவி விட்டால் ஒன்றும் கெடாது, அழுத்தித் தேய்த்தால் கெடும். சொறிந்து கீறின தோலில் சாணி பூசுவது மட்டும் வேண்டவே வேண்டாம், சாணியில் ஏற்புசன்னி (டெட்டனஸ்) கிருமி இருக்கக்கூடும். கண்ணில் பட்டால் தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டே நேராக டாக்டரிடம் போங்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் 108.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் ‘காஞ்சொறி’ என்று வருபவர்களில் பாதிப் பேருக்குக் கடித்தது காஞ்சொறியே இல்லை. எவ்வளவு நேரத்தில் ஆரம்பித்தது என்று கேட்டால் குற்றவாளி யாரென்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

தொட்ட நொடியிலேயே சுரீரென்றால் காஞ்சொறி. எதையும் தொடவில்லை, தை, மாசிக் காற்றில் புதருக்குக் கீழே நடந்து வந்தேன், கழுத்தும் கையும் பிய்த்துக்கொள்கிறது என்றால் பூனைக்காலி. அது அவரைக் குடும்பத்துக் கொடி, ஒரு காம்பில் மூன்று இலை. கொத்துக்கொத்தாக வளைந்த காய், அதன்மேல் வெல்வெட் மாதிரிப் பொன்பழுப்பு மயிர். காய் முற்றினதும் அந்த மயிர் காற்றிலேயே பறக்கும். அதில் இருப்பது புரதத்தை அறுக்கும் மியூக்குனைன் என்ற நொதி. அது கிளப்பும் அரிப்பு ஹிஸ்டமின் வழியாக வருவதில்லை, அதனால் ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்டிரிசின் போட்டும் அடங்கவில்லையே என்று குழம்புவார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாற்காலியில் தூவிய கதையெல்லாம் இந்தக் காயைப் பற்றித்தான். நானும் ஒருமுறை தூவியிருக்கிறேன். அதே நாற்காலியில் என்னையே உட்கார வைத்தார்கள்.

நேற்றுக் களை பிடுங்கினேன், இன்றைக்குத்தான் அரிக்கிறது, கையும் முகமும் சிவந்து தடித்திருக்கிறது என்றால் பார்த்தீனியத்தைச் சந்தேகியுங்கள். அது கொட்டு இல்லை, ஒவ்வாமை. மெதுவாக வந்து மெதுவாகப் போகும், சிலருக்குப் போகவே போகாது. தோல் கருத்துக் கொப்புளித்து உரிகிறது, போன வாரம்தான் முந்திரிக் கொட்டை உடைத்தார்கள் என்றால் பண்ருட்டிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஓட்டு எண்ணெய். மழைக்காலத்தில் முருங்கைக்கடியில் நின்றவனுக்குத் தோளிலும் முதுகிலும் தடிப்பு வந்தால் செடியை விட்டுவிட்டு அண்ணாந்து மரத்தைப் பாருங்கள், கம்பளிப்பூச்சி கும்பலாக அப்பிக் கிடக்கும். உங்கள் பையனுக்கு முழங்காலுக்குக் கீழே, தொட்டவுடன், கொடி மண்டிய இடத்தில். அதனால்தான் படம் பார்ப்பதற்கு முன்பே காஞ்சொறி என்று நினைத்தேன்.

இந்தப் பக்கத்தில் இது எங்கெங்கே இருக்கும் என்று கேட்டால், கலப்பை படாத இடமெல்லாம். கேப்பர் மலைச் செம்மண் மேடு, முந்திரிக்காட்டு வேலியோரம், கொத்துக் கள்ளிக்கு நடுவில், பாழடைந்த சுற்றுச்சுவர் மேல். வெயிலும் நிழலும் பாதிப்பாதியாக விழும் ஓரங்கள் இதற்குப் பிடிக்கும். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? காசா மரமும் வீரை மரமும் நெருங்கி நிற்கும் பழைய காடு. சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் எங்கும் இருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம். உள்ளே நல்ல இருட்டு நிழலில் காஞ்சொறி அவ்வளவாகத் தெரியாது. காட்டின் விளிம்பில், ஒற்றையடிப் பாதை வெயிலுக்கு வெளிவரும் இடத்தில்தான் காத்திருக்கும். அப்படி இடங்களில் செருப்போடு நடக்க முடியாது என்பதால் நான் கண்ணைத் தரையிலேயே வைத்துக்கொண்டு நடப்பேன். 2011 டிசம்பரில் தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்ட பிறகு, நான் வேலை பார்த்த தோப்பில் வெயில் விழுந்த இடமெல்லாம் கொடிகள் கிளம்பின. அடுத்த இரண்டு வருடம் விறகு பொறுக்கப் போனவர்கள் எல்லாரும் காஞ்சொறியைத் திட்டிக்கொண்டேதான் வந்தார்கள்.

ஒழிப்பதைப் பற்றி. முதலில், அரிவாளால் மேலே சீவிவிட்டு வந்தால் ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் வாழும் கொடி இது, அடியில் கட்டை மாதிரி வேர் இருக்கும், சீவின இடத்திலிருந்து நாலு கிளையாக வரும். கோடையில் காய்ந்து காணாமல் போன மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ஐப்பசியில் நாலு மழை பெய்து மண் இளகின பிறகு, காய் பிடித்து வெடிப்பதற்கு முன்னால் போய் எடுப்பதுதான் என் வழக்கம். காய் ஆமணக்கு மாதிரியே வெடித்து விதையைத் தூக்கி எறியும், வெடித்தபின் பிடுங்கினால் அடுத்த வருடத்துக்கு விதைத்த மாதிரிதான்.

முழுக்கால் பேண்ட், மூடின ஷூ, பேண்ட் காலை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். கையுறை தடித்த ரப்பர் அல்லது தோல். பருத்திக் கையுறை வழியாகச் சுணை ஊடுருவி வரும், அனுபவத்தில் சொல்கிறேன். கவட்டைக் குச்சியால் கொடியைச் சுருட்டி ஒதுக்கிவிட்டு, அடித்தண்டைக் கண்டுபிடித்து, சின்னக் கடப்பாரையால் வேரோடு நெம்புங்கள். மண்வெட்டியால் வெட்டினால் பாதி வேர் உள்ளேயே நின்றுவிடும். பிடுங்கியதைக் காயப் போட்டுக் கொளுத்த வேண்டாம். காய்ந்தாலும் ஊசி ஊசிதான், புகையோடு சுணை மூச்சில் ஏறினால் தொண்டைக்கு ஆபத்து. முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள், ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள். பொங்கல் கழித்து இன்னொரு தரம் அந்த இடத்தைச் சுற்றிப் பாருங்கள், விட்டுப்போன வேர் துளிர்த்திருக்கும். இரண்டு பருவம் இப்படிச் செய்தால் வீட்டைச் சுற்றித் தொல்லை இருக்காது.

களைக்கொல்லி அடிக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். பத்துக் கொடிக்காக மனை முழுக்க மருந்தடிப்பது எனக்கு ஒப்பவில்லை. எல்லாரும் கேட்கும் கிளைபோசேட்டை, பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மூலம் மட்டுமே அடிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரிலேயே மத்திய அரசு அறிவித்தது. அதை விடுங்கள், அந்த மருந்து நிற்கும் எல்லாவற்றையும் கொன்றுவிடும். வெறும் மண்ணில் முதலில் வந்து உட்காருவது பார்த்தீனியம். கொட்டுவதை விரட்டி அரிப்பதை அழைத்த கதையாகும்.

வீட்டைச் சுற்றிப் பத்தடி, பிள்ளைகள் விளையாடும் இடம், கிணற்றுக்குப் போகும் வழி, இவ்வளவு சுத்தமாக இருந்தால் போதும் என்பேன். மனையின் கடைசி வேலியில் இருப்பது இருக்கட்டும். ஆமணக்கு இலை தின்று வளரும் பழுப்பு வண்ணத்துப்பூச்சி இருக்கிறதே, சிறகில் அலை அலையாகக் கோடு போட்டிருக்கும், அதன் புழு இந்தக் கொடியிலும் வளரும். நமக்குக் கொட்டும் இலையை அது மென்று தின்கிறது.

நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போனால் மட்டும் ஆட்டம் வேறு. அங்கே இருப்பது அசல் நெட்டில் குடும்பம். ஜிரார்டினியா என்று ஆளுயரம் நிற்கும் செடி, அதில் ஒன்றுக்கு லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவர் 1816-இல் இந்தியா வந்து புதுச்சேரியைத் தலைமையிடமாக வைத்துச் செடி சேகரித்தவர். கல்கத்தாத் தாவரத் தோட்டத்தில் அதே குடும்பத்துப் பெரிய இலைச் செடி ஒன்று அவர் இடதுகையின் மூன்று விரலில் லேசாக உரசியது. முதலில் சின்ன எரிச்சல்தான். ஒரு மணி நேரத்தில் பழுக்கக் காய்ச்சின இரும்பை வைத்த மாதிரி ஆகி, வலி அக்குள் வரை ஏறி, தும்மலும் மூக்கொழுகலும் வந்து, மத்தியானத்துக்குள் தாடை இறுகி, ஏற்புசன்னியோ என்று பயந்துபோனாராம். தண்ணீரில் கை பட்டபோதெல்லாம் வலி திரும்பியது, முழுக்கப் போக ஒன்பது நாள் ஆயிற்று. அந்தச் செடி மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. மலைக்காட்டில் அகலமான இலையைப் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள். அந்த ரகத்தோடு ஒப்பிட்டால் நம் காஞ்சொறி பரம சாது.

கடைசியாக, பையன் விஷயம். தடிப்பு வடிந்தபிறகு ஒருநாள் காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு போய், குச்சியால் கொடியைத் தூக்கி அந்த மூன்று பிளவுக் காயைக் காட்டுங்கள். பக்கத்திலேயே குப்பைமேனி நிற்கும், அதைத் தொடச் சொல்லுங்கள். பந்து மறுபடியும் அங்கேதான் போய் விழும்.